அட்டையின் முன்னால் யார், பின்னால் யார்?

“வீடியோ கேம் பெட்டியின் மேல் இருக்கிற படத்தைப் பற்றியெல்லாம் தொழிலாளர் பத்திரிகையில் எழுத வேண்டுமா? பஞ்சப்படி பாக்கி இருக்கிறது. காண்ட்ராக்ட் முறை இருக்கிறது. அறுப்புக் கூலித் தகராறு இருக்கிறது. அவை போதாதா?” என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

மில்லில் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் செல்போனை முதலில் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வது யார்? அவருடைய பிள்ளைதான். நடவுக்குப் போய் வந்த தாயின் செல்போனுக்கும் இதே கதிதான். அந்தச் செல்போனில் பிள்ளை மணிக்கணக்காக விளையாடுகிறது. ரீசார்ஜுக்குப் போகும் பணம் நம்முடைய கூலி. நம் கூலியைச் செலவழித்து, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, நம் பிள்ளைக்குச் சொல்லித் தரப்படுவது என்ன? இதைக் கேட்க நமக்கு உரிமை இல்லையா? பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் பெண்ணை இழிவுபடுத்தி ஒரு வரி அச்சாகியிருந்தால் நாம் சும்மா இருப்போமா? இதுவும் ஒரு பாடப் புத்தகம்தான். வாத்தியார் இல்லாத பாடப் புத்தகம்.

சந்தை விரிப்பில் மூன்று விதப் படங்கள்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையை இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் அறிவார்கள். செடி, கோழி, புறா, பழைய மேஜை, கழற்றிய மோட்டார், பேசாத ரேடியோ என்று எதைத் தேடினாலும் அங்கே கிடைக்கும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஆடி அலுத்துத் தள்ளிவிட்ட வீடியோ கேம் தகடுகளும் அங்கே வந்து சேருகின்றன. அப்படிப்பட்ட தகடுகளில் ஒரு கை அள்ளி, வரிசையாக வைத்து, அட்டைகளை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் மூன்று விதத்தில் அடங்கிவிடும்.

முதல் விதம்: ஒரு ஆண், தனி ஆளாக, கையில் துப்பாக்கியோடு நிற்பான். பின்னால் ஊர் எரியும். பெண் என்று ஒரு பிறவி அந்த உலகத்தில் இருப்பதற்கே அடையாளம் இராது.

இரண்டாவது விதம்: ஆண் முன்னால் பெரிதாக நிற்பான். பெண் பின்னால், சின்னதாக, அவன் தோளுக்குப் பக்கத்தில் பயந்த முகத்தோடு நிற்பாள். காப்பாற்றப்படுவதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம்.

மூன்றாவது விதம்: பெண்ணே முன்னால் நிற்பாள். சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்! ஆண் வீரனுக்குக் கழுத்து முதல் கால் வரை இரும்புக் கவசம். அதே சண்டைக்குப் போகும் பெண்ணுக்கோ உடம்பில் பாதி துணிகூட இல்லை. எதிரியின் கத்தி ஆண் உடம்பை மட்டும்தான் வெட்டுமா? இந்தக் கேள்வியைப் படம் போட்டவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் சண்டைக்காக அங்கே நிறுத்தப்படவில்லை, விற்பனைக்காக நிறுத்தப்பட்டிருக்கிறாள் என்பதே காரணம்.

செல்போன் கேமுக்குப் பெட்டி இல்லை, தகடு இல்லை. அங்கே விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னப் படம் இருக்கிறது. அதுதான் அதன் அட்டை. அந்த நகத்தளவு இடத்திலும் பெரும்பாலும் ஆண் முகமே குடியிருக்கிறது.

முடிவு செய்வது யார்?

“சித்திரக்காரன் போட்டான், அவ்வளவுதானே?” என்று நினைப்பது தவறு. சித்திரக்காரரும் நம்மைப் போல ஒரு கூலிக்காரர். அட்டையில் யார் நிற்பது என்பதைத் தீர்மானிப்பது விற்பனை மேஜை. இதற்குச் சாட்சிகள் வேண்டுமா? வேண்டிய அளவு இருக்கின்றன.

1986இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி ‘மெட்ராய்டு’ என்ற கேமை வெளியிட்டது. அதன் வீரர் தலை முதல் கால் வரை கவசம் பூண்டவர். ஆங்கிலக் கையேடு அவரை ‘அவன்’ என்றே குறிப்பிட்டது. ஆட்டத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தவர்களுக்குக் கடைசியில் ஒரு அதிசயம் காட்டப்பட்டது: கவசத்துக்குள் இருந்தது ஒரு பெண்! நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் இன்னும் சீக்கிரம் முடித்தால் அவளுடைய உடுப்பு இன்னும் குறையும். அதுதான் பரிசு. இத்தனை எதிரிகளை வீழ்த்திய வீராங்கனைக்கு அவர்கள் கொடுத்த மரியாதை இவ்வளவே.

1996இல் இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில் உருவான ‘டூம் ரெய்டர்’ வந்தது. பழைய கோயில்களையும் குகைகளையும் ஆராயும் லாரா கிராஃப்ட் என்ற பெண்தான் அதன் நாயகி. துணிச்சலும் புத்தியும் உள்ள பாத்திரம். பெண் தனியாக முன் அட்டையில் நின்றாலும் கேம் விற்கும் என்பதை உலகம் முழுவதும் காட்டினாள். ஆனால் விளம்பரக்காரர்கள் அவளுடைய துணிச்சலை விற்கவில்லை, உடம்பை விற்றார்கள்.

2013இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வந்தது. ஒரு நடுவயது ஆணும் எல்லி என்ற சிறுமியும் நாசமான தேசத்தின் வழியே நடந்து போகும் கதை. எல்லியை அட்டையின் பின்பக்கத்துக்குத் தள்ளும்படி தங்களுக்கு நெருக்கடி வந்ததாகவும், தாங்கள் அதற்கு இணங்கவில்லை என்றும் அதை உருவாக்கியவர்கள் 2012 டிசம்பரிலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். எல்லி முன் அட்டையில்தான் நின்றாள். அதனால் விற்பனை படுத்ததா? மூன்றே வாரத்தில் 34 லட்சம் பிரதிகள் விற்றன.

அதே 2013இல் ‘பயோஷாக் இன்ஃபினிட்’ என்ற இன்னொரு கேம். கதையின் உயிர் எலிசபெத் என்ற பெண். முன் அட்டையிலோ துப்பாக்கியோடு ஒரு ஆண் மட்டும். எலிசபெத் பின்பக்கத்தில். விஷயம் தெரியாதவனும் கடையில் பார்த்துக் கையில் எடுக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தப் படம் என்று அதன் தலைமை ஆசிரியரே விளக்கம் சொன்னார்.

இவற்றையெல்லாம் மிஞ்சியது 2018இல் பிரான்சின் யுபிசாஃப்ட் கம்பெனி வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’. இதற்குக் கசாண்ட்ரா என்ற பெண் ஒருத்தியே நாயகியாக இருக்க வேண்டுமென்று ஊழியர்கள் திட்டமிட்டார்கள். பெண் நாயகி விற்கமாட்டாள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அலெக்சியோஸ் என்ற ஆணும் சேர்க்கப்பட்டான். இதை 2020 ஜூலையில் ‘புளூம்பெர்க்’ செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. கடைக்கு வந்த பெட்டியின் முன்பக்கத்தில் அலெக்சியோஸ்தான் நின்றான். பெண் விற்கமாட்டாள் என்று தீர்ப்புச் சொன்ன அதே கம்பெனியின் மேலிடத்தைப் பற்றி அந்த 2020ஆம் வருஷத்தில்தான் பெண் ஊழியர்களின் புகார்கள் வெடித்தன. 2025 ஜூலையில் அந்தக் கம்பெனியின் முன்னாள் மேலதிகாரிகள் மூவரைப் பிரெஞ்சு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அட்டையில் பெண்ணை எங்கே வைத்தார்கள், ஆபீசில் பெண்ணை எப்படி நடத்தினார்கள் - இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

“வாங்குகிறவன் ஆண்தானே!”

முதலாளிகளின் வக்கீல்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. “நாங்கள் என்ன செய்வோம்? கேம் வாங்குகிறவன் ஆண். அவனுக்குப் பிடித்ததைப் போடுகிறோம்” என்கிறார்கள்.

இது அசல் பொய். அமெரிக்காவின் கேம் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சங்கமே 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே கேம் ஆடுகிறவர்களில் 46 சதவிகிதம் பேர் பெண்கள். இது தொழிலாளர் சங்கம் எடுத்த கணக்கல்ல. முதலாளிகளே எடுத்த கணக்கு.

ஆரம்ப காலத்தில் கேம் என்பது ஆண்பிள்ளை சரக்காக இருக்கவும் இல்லை. 1980இல் ஜப்பானில் ‘பாக்-மேன்’ செய்தவர், பெண்களும் ஆட வர வேண்டும் என்று எண்ணியே அதை அமைத்தார். 1982இல் வந்த ‘ரிவர் ரெய்டு’ என்ற ஆகாய விமான ஆட்டத்தை எழுதியவர் கேரல் ஷா என்ற பெண். பிறகு 1983இல் அமெரிக்காவில் கேம் வியாபாரம் படுத்துவிட்டது. மீண்டும் தலையெடுத்தபோது அதை விளையாட்டுச் சாமான் கடைகளின் வழியாக விற்றார்கள். அந்தக் கடைகளில் பையன்களுக்கு ஒரு அலமாரி, பெண் பிள்ளைகளுக்கு ஒரு அலமாரி. கேம் பையன்களின் அலமாரிக்குப் போனது. 1989இல் வந்த கையடக்க யந்திரத்துக்குப் பெயரே ‘கேம் பாய்’! முதலில் பெண் பிள்ளையை அலமாரிப் பக்கமே அண்டவிடாமல் செய்வது, பிறகு “பெண் பிள்ளைகள் வாங்குவதில்லை” என்று கணக்குக் காட்டுவது - இது எந்த ஊர் நியாயம்? கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்துவிட்டு, “இவர்கள் குளிப்பதில்லை” என்று ஏசிய மிராசுதாரின் நியாயம்தான் இது. நம் விவசாயத் தொழிலாளர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

விலை விஷயத்தையும் பாருங்கள். 2015இல் அமெரிக்காவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, செல்போனில் ஓடிக்கொண்டே இருக்கும் கேம்களில் பிரபலமான 50ஐ எடுத்து ஆராய்ந்தாள். ஆண், பெண் என்று அடையாளம் தெரியும் பாத்திரங்கள் உள்ள கேம்களில் 98 சதவிகிதத்தில் ஆண் பாத்திரம் இருந்தது. பெண் பாத்திரம் இருந்தது 46 சதவிகிதத்தில் மட்டும். பெண் பாத்திரத்தை இலவசமாகக் கொடுத்த கேம்கள் 15 சதவிகிதம்தான். நம் ஊர்ப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து ஆடிய ‘டெம்பிள் ரன்’ கேமிலும் ஆண் சும்மா கிடைத்தான். பெண் வேண்டுமென்றால் காசு சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. ஒரு சிறுமி தன்னைப் போன்ற ஒருத்தியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனி வரி! அந்தச் சிறுமி இதைப் பத்திரிகையில் எழுதினாள். பணம் கேட்காத பெண் பாத்திரம் ஒன்றைச் சேர்ப்பதாக ‘டெம்பிள் ரன்’ கம்பெனி ஒப்புக்கொண்டது. 12 வயதுச் சிறுமி கேட்டால் கம்பெனி இறங்கி வருகிறது. அப்படியானால் நாம் ஏன் கேட்கக் கூடாது?

பெட்டியை உருவாக்கும் கைகள்

இன்னொரு உண்மையைத் தொழிலாளர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அட்டையில் பெண் பின்னால் நிற்கிறாள். ஆனால் அந்தச் சரக்கை உருவாக்கும் இடத்தில்?

நமக்குப் பழக்கமான சரக்கிலிருந்தே தொடங்குவோம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டிகளிலும் பட்டாசுப் பெட்டிகளிலும் எத்தனையோ அழகிகளின் படங்கள் லேபிளாக ஒட்டப்பட்டன. சிரித்த முகம், ரோஜாக் கன்னம், பளபளக்கும் நகை. அந்த லேபிளை ஒட்டியவர்களும் குச்சியை அடுக்கியவர்களும் பெரும்பாலும் பெண்கள். நெடுங்காலம் சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். மருந்து படிந்த அந்த விரல்களை எந்த லேபிளிலும் யாரும் பார்த்ததில்லை.

இன்றைய சரக்கு செல்போன். கேம் ஓடும் அந்தச் செல்போனில் ஒரு பகுதி நம் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உருவாகிறது. ஐபோன்களைப் பூட்டிச் சேர்க்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். 2021 டிசம்பரில் அவர்கள் தங்கியிருந்த விடுதியின் கெட்ட சாப்பாட்டால் 150க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பெண்கள் காப்பாற்ற எவனாவது வருவான் என்று காத்துக்கொண்டு நிற்கவில்லை. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது.

2024 ஜூனில் ‘ராய்ட்டர்’ செய்தி நிறுவனம் இன்னொரு சேதியை வெளியிட்டது. கல்யாணமான பெண்களை அந்த ஆலையின் ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, தாலி, மெட்டி என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன என்பதே சேதி. பாரபட்சம் காட்டவில்லை என்று நிர்வாகம் மறுத்தது. மத்திய தொழிலாளர் இலாகா தமிழ்நாடு சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண், பெண் என்று பேதம் காட்டக்கூடாது என்று அப்போது அமலில் இருந்த 1976ஆம் வருஷச் சம ஊதியச் சட்டம் சொல்லியது. ஆனால் கல்யாணமானவளா என்று பார்க்கக்கூடாது என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்தச் சந்தில் எத்தனை முதலாளிகள் நுழைந்து போகிறார்கள்!

இப்போது அட்டைக்குத் திரும்புவோம். “பெண் என்றால் இப்படித்தான்” என்று ஒரு அச்சு அங்கே இருக்கிறது. “கல்யாணமான பெண் என்றால் இப்படித்தான்” என்று ஒரு அச்சு ஆலை வாசலில் இருக்கிறது. இரண்டு அச்சும் ஒரே பட்டறையில் வார்த்தவை. முதலில் படத்தில் காட்டிப் பழக்குகிறார்கள். பிறகு கூலியிலும் வேலையிலும் காட்டுகிறார்கள். வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை எத்தனை காலம் இயற்கை நியதிபோல் ஒப்புக்கொண்டிருந்தோம்! கண்ணுக்குப் பழகிய அநியாயம் அநியாயமாகத் தெரியாது. அதனால்தான் படத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கேம் எழுதும் தொழிலாளர்களும் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஜூலையில் ஆக்டிவிஷன் பிலிசார்டு என்ற ராட்சசக் கம்பெனியின் மீது, பெண் ஊழியர்களைக் கேவலமாக நடத்தியதாகவும் கூலியில் பேதம் காட்டியதாகவும் கலிஃபோர்னியா மாகாண சர்க்காரே வழக்குப் போட்டது. அதே மாதம் 28ஆம் தேதி ஊழியர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். 2023 டிசம்பரில் கம்பெனி சுமார் 5 கோடி 40 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. 2022இல் அதன் கிளை ஒன்றில் கேம்களைச் சோதித்துப் பார்க்கும் தொழிலாளர்கள் 19க்கு 3 என்ற வாக்கில் சங்கம் கண்டார்கள். குளுகுளு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் தொழிலாளி தொழிலாளிதான்.

கலாசாரக் காவலர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த இடத்தில் வேறு ஒரு கூட்டம் நம் பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். “ஆமாம், அரைகுறை உடுப்பு! நம் பண்பாடு கெட்டது! பெண்ணுக்குச் சேலை கட்டிவிட்டால் சரியாகிவிடும், பெண் பிள்ளையிடம் செல்போனே கொடுக்காதீர்கள்” என்பார்கள். அவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

சேலை கட்டிய பெண்ணை ஆணுக்குப் பின்னால் நிறுத்தினால் அவள் நிலை உயர்ந்துவிடுமா? நம் கேள்வி, துணி எத்தனை முழம் என்பதல்ல. கதையில் அவளுக்கு என்ன வேலை? யாருடைய கண்ணுக்கு விருந்தாக அவள் வரையப்பட்டாள்? இந்தக் கேள்விகளைத் துணிக்கடை அளவுகோலால் அளக்க முடியாது. பெண்ணைக் காட்டி விற்கிறவனும் பெண்ணைப் பூட்டி வைக்கிறவனும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: இருவருமே அவளை ஒரு ஆளாகக் கருதவில்லை.

அட்டையில் நிற்கும் ஆணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவனும் ஒரு பொய்தான். அவன் தனி ஆள். அவனுக்குச் சிநேகிதர் இல்லை, சங்கம் இல்லை, அழத் தெரியாது, பேசத் தெரியாது, சுடத் தெரியும். நம் வீட்டுப் பையனுக்கு “ஆம்பளை என்றால் இதுதான்” என்று காட்டப்படுகிறது. மில் வாசலில் நின்ற எந்தத் தொழிலாளிக்கும் தெரியும், தனி ஆள் வீரத்தால் ஒரு பைசா பஞ்சப்படிகூட வந்ததில்லை என்பது. பத்துப் பேர் கை கோத்தால்தான் வாயிற்கதவு திறக்கும்.

மாற்ற முடியுமா?

முடியும். மாறியும் வருகிறது. 2015இல் ‘ஃபிஃபா 16’ கால்பந்து கேமில் முதல் தடவையாகப் பெண்கள் அணிகள் - 12 தேசங்களின் அணிகள் - சேர்க்கப்பட்டன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களில் விற்ற பெட்டிகளில் மெஸ்ஸியின் பக்கத்தில் அந்தந்த தேசத்து வீராங்கனைகள் சமமாக நின்றார்கள். 2020இல் புனே நகரத்து இளைஞர்கள் உருவாக்கிய ‘ராஜி’ என்ற கேமில், ஒரு ஏழைச் சிறுமி தன் தம்பியை மீட்கப் புறப்படுகிறாள். பெயரும் அவளுடையது, அட்டையும் அவளுடையது, போராட்டமும் அவளுடையது. நம் தேசத்திலேயே முடிகிறது என்பதற்கு இது அத்தாட்சி.

ஆனால் கம்பெனிகள் மனம் திருந்தி மாறின என்று ஏமாந்துவிட வேண்டாம். ஆடுகிறவர்கள் கேட்டார்கள், எழுதினார்கள். வேலை செய்கிறவர்கள் வெளியே வந்து நின்றார்கள். நெருக்குதல் நின்றால் பழைய படமே திரும்ப வரும்.

நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, பிள்ளையிடமிருந்து செல்போனைப் பிடுங்கி எறிவதால் பயனில்லை. பக்கத்தில் உட்காருங்கள். “இதில் பெண் எங்கே? அவள் என்ன வேலை செய்கிறாள்? அவளுக்கு மட்டும் ஏன் விலை?” என்று கேளுங்கள். பிள்ளைகள் புத்திசாலிகள். ஒரு தடவை கண் திறந்தால் பிறகு எல்லா அட்டையிலும் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது, வீட்டைப் பாருங்கள். மாலையில் பையன் கையில் செல்போன் இருக்கிறது. அதே வயதுப் பெண்ணின் கையில் பாத்திரம் விளக்கும் நார் இருக்கிறது. எந்த அமெரிக்கக் கம்பெனியும் வந்து இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. இருவரும் விளக்கட்டும், இருவரும் விளையாடட்டும்.

மூன்றாவது, வாலிபர் சங்கமும் மாதர் சங்கமும் வாசகசாலைகளும் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். நாலைந்து பழைய அட்டைகளைச் சுவரில் ஒட்டிவைத்து விவாதம் நடத்தப் பெரிய செலவு ஆகாது. கேமின் கீழே அபிப்பிராயம் எழுத இடம் இருக்கிறது. இளைஞர்கள் அதில் தமிழிலேயே எழுதட்டும்.

நான்காவது, சங்கத்துச் சுவரொட்டிகளையும் மாநாட்டு வளைவுகளையும் ஒரு தடவை இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சுத்தியல் பிடித்த ஆண் முன்னால், பெரிதாக. அரிவாள் பிடித்த பெண் பின்னால், சின்னதாக - இப்படி எத்தனை படங்கள் இருக்கின்றன? தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் காலை ஷிப்டு நேரத்தில் ஏற்றுமதி வளாகத்துக்கு இறங்கி நடக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்றைய தொழிலாளி வர்க்கத்தின் முகத்தில் எத்தனை பங்கு பெண் முகம் என்பது. அந்த முகம் நம் சுவரொட்டியின் முன்வரிசைக்கு வர வேண்டும்; சங்கத்தின் மேடைக்கும் கமிட்டிக்கும் வர வேண்டும்.

முதலாளியின் அட்டையை மாற்றச் சொல்லிக் குரல் கொடுப்போம். நம் அட்டையை மாற்ற யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. அதை இந்த மாதமே செய்வோம்.